மாசியில் கூரையைப் பார். சித்திரையில் நிம்மதியாகத் தூங்கு!

பெங்களூரில் குளிர் விடைபெறும் மாதம் மாசி. போர்வைகள் மடித்துப் பெட்டிக்குள் போகின்றன. கம்பளிக் குல்லாய்கள் துவைத்துக் காயப் போடப்படுகின்றன. ஆனால் மூன்று மாத காலம் இரவெல்லாம் பனியில் நனைந்து, பகலெல்லாம் வெயிலில் காய்ந்த ஒன்று தலைக்கு மேலேயே இருக்கிறது. அதை அண்ணாந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே. அதுதான் தகரக் கூரை!

மழை பெய்து ஒழுகும்போது எல்லோருக்கும் கூரை நினைவு வரும். அப்போது மேலே ஏற முடியாது. ஏறுவதற்கு ஏற்ற காலத்தில் ஒழுகுவதில்லை. அதனால் நினைவும் வருவதில்லை. இந்த இடைவெளியில்தான் அரிசி மூட்டையும், ரேஷன் கார்டும், பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டும் நனைந்து வீணாகின்றன. சில வீடுகளில் அதைவிடப் பெரிய இழப்பும் நேர்ந்துவிடுகிறது.

கண்ணாடி மாளிகைக்குப் பக்கத்தில்

எலெக்ட்ரானிக் சிட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கண்ணாடிக் கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில், 1978-ஆம் ஆண்டு கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய தொழிற்பேட்டை இது. 2010-இல் ஓசூர் சாலைக்கு மேலே உயர்மட்டச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது.

அந்தக் கட்டடங்களைக் கட்டுகிறவர்கள், துடைக்கிறவர்கள், வாசலில் காவல் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கண்ணாடி வீடு கிடைத்துவிடவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கமிருந்து பிழைக்க வந்த நம்மவர்கள் பலரும், வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களும் தங்குவது ஷீட் வீடுகளில். கன்னடத்தில் இதை 'ஷீட் மனெ' என்பார்கள். ஹெப்பகோடி, வீரசந்திரா, சந்தாபுரம் பக்கம் போனால் வரிசை வரிசையாக இத்தகைய அறைகளைப் பார்க்கலாம். கட்டட வேலை நடக்கும் இடங்களிலோ சுவரும் தகரம், கூரையும் தகரம்.

தகரக் கூரை தமிழனுக்குப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் லயன் அறைகளில் வாழ்ந்தவர்களுக்கும் தலைக்கு மேல் தகரம்தான். ஆனால் அதைப் பேணும் முறை மட்டும் இன்னும் பலருக்குத் தெரியாது.

இரண்டே மாத அவகாசம்

கன்னட நாட்டு உழவர்கள் மழையை நட்சத்திரப் பெயரால் சொல்வார்கள். அசுவினி மழை, பரணி மழை, கிருத்திகை மழை என்று வரிசை போகும். அசுவினி மழை தொடங்கும் நாளும் நமது சித்திரை முதல் தேதியும் ஏறக்குறைய ஒன்றே. கோடை மழை என்றால் தூறல் அல்ல. இடி, சூறைக்காற்று, சில சமயம் ஆலங்கட்டி எல்லாம் சேர்ந்து வரும். சில ஆண்டுகளில் பங்குனியிலேயே ஒரு மழை எட்டிப் பார்த்துவிடும்.

ஆகவே கூரை வேலைக்குக் கிடைப்பது மாசி, பங்குனி ஆகிய இரண்டு மாதங்கள்தான்.

10 அடி அகலம், 20 அடி நீளமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர். அப்படியானால் அந்தச் சிறிய கூரை மீது ஓராண்டில் விழும் தண்ணீர் 18 ஆயிரம் லிட்டருக்கு மேல்! பலத்த மழை ஒன்றில் 50 மில்லிமீட்டர் கொட்டினால், அன்று மட்டும் 900 லிட்டருக்கு மேல். இதில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே வந்தாலும் படுக்க இடம் இருக்காது.

பனி என்ன செய்கிறது?

"பெங்களூர்ப் பனி என்ன, இமயமலைப் பனியா? அது இரும்பை என்ன செய்துவிடும்?" என்று கேட்கலாம்.

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பம் 1884 ஜனவரி 13-ஆம் தேதி 7.8 டிகிரி, மிக அதிகம் 2016 ஏப்ரல் 24-ஆம் தேதி 39.2 டிகிரி. ஆனால் இவை காற்றின் கணக்கு. தகட்டின் கணக்கு வேறு. விடியற்காலையில் திறந்த வானத்தின் கீழ் கிடக்கும் தகடு காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். அதே தகடு நண்பகல் வெயிலில் 60 டிகிரியைக்கூடத் தாண்டும்.

இரும்பு சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். 6 மீட்டர் நீளத் தகடு ஒன்று 50 டிகிரி வித்தியாசத்தில் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. பழைய ரயில் பாதையில் தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தது இதற்காகத்தான். மாலையில் வெயில் இறங்கியதும் கூரை 'டக் டக்' என்று சத்தம் போடுவதும் இதனால்தான்.

பகலும் இரவும் அதிகம் வேறுபடுவது குளிர் மாதங்களில். ஒவ்வொரு நாளும் தகடு ஒருமுறை இழுக்கிறது, ஒருமுறை தள்ளுகிறது. ஸ்குரு அசைகிறது. துளை பெரிதாகிறது. ஸ்குருவின் கீழ் உள்ள ரப்பர் வாஷர் காய்ந்து வெடிக்கிறது. வீட்டுக்காரருக்கோ ஒன்றும் தெரிவதில்லை. மழை இல்லையே!

கூரை ஒழுகுவது பெரும்பாலும் தகட்டின் நடுவே அல்ல. ஸ்குரு இறங்கிய துளை, தகடும் தகடும் சேரும் மூட்டு, தகடும் சுவரும் சந்திக்கும் ஓரம் - இந்த மூன்று இடங்களில்தான்.

ஒழுகலா, வியர்வையா?

குளிர் காலத்தில் மழையே இல்லாதபோது விடியற்காலையில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். பலர் இதை ஒழுகல் என்று நினைத்துத் தாரை வாங்கிவந்து மேலே பூசுகிறார்கள். பணம் வீண்!

அது கூரையின் வியர்வை. அறைக்குள் படுத்திருப்பவர்களின் மூச்சிலும், சோறு வடிக்கும் ஆவியிலும் உள்ள ஈரம் குளிர்ந்த தகட்டில் பட்டுத் தண்ணீராகிறது. இதற்கு மருந்து காற்றோட்டம்தான். குளிருக்குப் பயந்து கூரை ஓரத்து இடுக்குகளில் சாக்கும் பழந்துணியும் திணித்து வைப்பது வழக்கம். குளிர் போனதும் முதல் வேலையாக அவற்றைப் பிடுங்கி எறிய வேண்டும். ஈரத் துணி ஒட்டிக்கிடக்கும் இடத்தில்தான் துரு முதலில் தின்னத் தொடங்குகிறது.

இதேபோலக் கூரை மீது பழைய பிளெக்ஸ் பேனரை விரித்து வைப்பவர்களும் உண்டு. பேனருக்கும் தகட்டுக்கும் நடுவே புகுந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே கிடந்து தகட்டை அரிக்கும்.

கீழே இருந்தே பார்க்கலாம்

கூரையைச் சோதிக்க மேலே ஏறத் தேவையில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நல்ல வெயில் அடிக்கும் நண்பகலில் கதவையும் ஜன்னலையும் சாத்துங்கள். விளக்கை அணையுங்கள். ஐந்து நிமிடம் கண் இருட்டுக்குப் பழகட்டும். பிறகு மேலே பாருங்கள். ஓட்டை உள்ள இடமெல்லாம் நட்சத்திரம் போல ஒளிப்புள்ளி தெரியும். அந்த இடத்துக்கு நேரே உள்ள குறுக்கு இரும்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். எத்தனை ஸ்குரு, எத்தனை வாஷர் வாங்க வேண்டும் என்ற கணக்கு அப்போதே கிடைத்துவிடும்.

ஒளி தெரியாமலே ஒழுகும் இடமும் உண்டு. சுவரிலும் குறுக்கு இரும்பிலும் பழுப்பு நிறத்தில் நீர் வழிந்த தடம் இருந்தால் அதற்கு மேல்பக்கத்தில் கோளாறு இருக்கிறது. தண்ணீர் விழும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சரிவின் மேல்பக்கம் தேட வேண்டும்.

சுத்தம் முதலில்

மாசி, பங்குனியில் பெங்களூர் மரங்கள் இலை உதிர்க்கும். புங்க மரத்தடியில் வீடு இருந்தால் கூரை மீதும், ஓரத்துத் தகர வாய்க்காலிலும் சருகு மெத்தை போலப் படிந்திருக்கும். ஓசூர் சாலைப் புழுதியும் அதில் சேர்ந்தால் சேறு. முதல் மழையில் வாய்க்கால் அடைத்து, தண்ணீர் பின்னோக்கி ஏறி மூட்டு வழியாக உள்ளே வரும். கூரையில் ஓட்டையே இல்லாமல் வீடு நனைவது இப்படித்தான்.

தென்னந்துடைப்பமும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். இரும்புச் சுரண்டியால் தேய்க்கக் கூடாது.

இதற்குக் காரணம் உண்டு. நெளித் தகட்டுக்கு லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி பால்மர் காப்புரிமை பெற்றது 1829-இல். இரும்பின் மீது துத்தநாகம் பூசும் முறைக்கு பிரான்ஸ் நாட்டு ஸோரல் காப்புரிமை பெற்றது 1837-இல். இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் தகரக் கூரை உலகமெங்கும் பரவியது. துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. அந்தப் பூச்சு போய்விட்டால் இரும்புக்குக் காவல் இல்லை. சுரண்டினால் துருவோடு காவல்காரனும் போய்விடுவான்!

புதுத் தகடு வாங்குபவர்கள் ஐ.எஸ். 277 என்ற முத்திரையையும், துத்தநாகத்தின் அளவையும் கேட்டு வாங்க வேண்டும். சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் பூசிய தகடும் உண்டு. 120 கிராம் பூசியதும் உண்டு. கடையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். ஆயுளில்தான் வித்தியாசம் தெரியும்.

எதைப் பூசலாம்? எதைப் பூசக் கூடாது?

தளர்ந்த ஸ்குருவை மேலும் முறுக்கிப் பயனில்லை. கழற்றிவிட்டு, ஒரு அளவு தடித்த ஸ்குருவைப் புது ரப்பர் வாஷருடன் போட வேண்டும். வாஷர் தகட்டில் படிந்து உட்கார்ந்தால் போதும். பிதுங்கும்வரை முறுக்கினால் தகடு குழிந்து, அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும். பழைய நெளித் தகட்டில் கொக்கி போல்ட் எப்போதும் நெளியின் மேட்டில்தான் இருக்க வேண்டும். பள்ளம் தண்ணீர் ஓடும் வழி. அங்கே துளை போடக் கூடாது.

நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு சிமெண்ட் பூசுவது. சுவரோரம் ஒழுகினால் கொத்தனாரிடம் ஒரு சட்டிக் கலவை வாங்கி அப்பிவிடுவார்கள். ஈரச் சிமெண்ட் துத்தநாகத்தை அரிக்கும். காய்ந்த பின்போ அது கல். தகடு நீண்டு சுருங்கும்போது வெடிக்கும். ஒரே ஆண்டில் பழைய கதைதான். வளைத்த தகட்டுப் பட்டை ஒன்றைச் சுவரில் செருகிக் கூரை மேல் மடித்து விடுவதே சரியான வழி.

தார் சித்திரை வெயிலில் இளகி வழியும். மார்கழிக் குளிரில் வெடிக்கும். எம்-சீல் போன்றவை கல்லாக இறுகுபவை; அசையும் மூட்டுக்கு ஆகாது. மூட்டுக்கு ரப்பர் போல வளைந்து கொடுக்கும் பசைதான் தேவை. சிலிக்கான் பசை வாங்கினால் புளிக்காடி வாடை வீசும் வகை வேண்டாம். அதிலுள்ள அமிலம் துத்தநாகத்தைத் தின்னும். வாடையில்லாத 'நியூட்ரல்' வகையைக் கேளுங்கள்.

துருப்பிடித்த இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, பிரைமர் ஒரு கை, பெயிண்ட் இரண்டு கை அடிக்க வேண்டும். துருப்பிடிக்காத பளபளப்பான தகட்டில் நேரடியாக எனாமல் அடித்தால் தோல் உரிவது போல உரிந்துவிடும். துத்தநாகத் தகட்டுக்கென்று உள்ள பிரைமர் முதலில் வேண்டும். தகட்டில் துளை போட்டால் விழும் இரும்புத் தூளை அன்றே பெருக்கித் தள்ளுங்கள். விட்டுவைத்தால் அந்தத் தூள் முதலில் துருவாகிக் கூரையெங்கும் கறை படியும்.

வேலை முடிந்த பிறகு வெள்ளை நிற வெப்பத் தடுப்புப் பெயிண்ட் அடித்தால் அறைக்குள் சூடு குறையும். தெலுங்கானா அரசு 2023-இல் இத்தகைய குளிர்கூரைகளுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆனால் காங்கிரீட் கூரைக்கு அடிப்பது போலத் தகரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம். சுண்ணாம்பின் காரமும் துத்தநாகத்துக்குப் பகை.

கல் காக்காது

காற்றுக்குப் பயந்து கூரை மீது கல்லும், செங்கல்லும், பழைய டயரும் ஏற்றி வைத்திருப்பதை எங்கும் பார்க்கலாம். காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதில்லை. மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குகிறது. ஓரங்களிலும் மூலைகளிலும்தான் அந்த இழுப்பு அதிகம். இரண்டு கற்கள் அதைத் தாங்காது. தகடு எழும்பினால் கல் உருண்டு வந்து தெருவில் விளையாடும் குழந்தையின் தலையில் விழும். டயரிலோ தண்ணீர் தேங்கிக் கொசு பெருகும். டெங்குக் காய்ச்சல் வரும்.

கல்லுக்குப் பதிலாக ஓரத்திலும் மூலையிலும் ஸ்குருவை நெருக்கமாகப் போடுங்கள். குறுக்கு இரும்பு சுவரோடு இறுகப் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சூறைக்காற்று வரும்போது காற்றடிக்கும் பக்கத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கூரையைத் தூக்கும்.

உயிர் பெரிது

தகரக் கூரையில் மறைந்திருக்கும் எமன் இருவர். ஒருவன் மின்சாரம், மற்றவன் கால் இடறுதல்.

தகட்டின் விளிம்பு கத்தி போன்றது. அதன் மேல் கிடக்கும் மின்கம்பி, தகடு நீண்டு சுருங்கும்போதும் காற்றில் ஆடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அறுபடும். ஒருநாள் கூரை முழுவதும் மின்சாரம் பாயும். கொடிக்கம்பியில் ஈரத்துணி உலர்த்தும் பெண்தான் முதலில் அதைத் தொடுவாள். ஆகவே கம்பியைத் தகட்டில் படாமல் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுவர வேண்டும். வேலை தொடங்குமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். கூரையைத் தொட்டால் 'ஜிவ்' என்று இருந்தால் தாமதிக்காமல் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். தெருக்கம்பி கூரைக்குத் தாழ்வாகத் தொங்கினால் பெஸ்காமின் 1912 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

மேலே ஏறுவதானால் பனி உலர்ந்த பிறகு ஏறி, தகடு சுடுவதற்குள் இறங்கிவிட வேண்டும். காலை 9 மணியிலிருந்து 11 மணி வரை நல்ல நேரம். ஏணி 4 அடி உயரத்துக்கு 1 அடி தள்ளிச் சாய்ந்திருக்கட்டும். கூரை விளிம்புக்கு மேல் 3 அடி நீட்டிக்கொண்டிருக்கட்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்குரு வரிசை போகும் இடத்தில்தான் அடியில் குறுக்கு இரும்பு உண்டு. அந்த வரிசையில் மட்டும் கால் வையுங்கள். இடுப்பில் கட்டிய கயிறு உறுதியான ஒன்றில் முடிந்திருக்க வேண்டும்.

வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக் தகட்டிலும், கல்நார் ஷீட்டிலும் ஒருபோதும் கால் வைக்கக் கூடாது. புழுதி படிந்தால் எது தகரம், எது பிளாஸ்டிக் என்று தெரியாது. மிதித்த வினாடியே உடைந்து ஆள் கீழே போய்விடுவான். கல்நார் ஷீட்டை உலர்ந்த நிலையில் தேய்க்கவும் கூடாது; அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு.

50 ரூபாய் மிச்சம் பிடிக்க 50 வயதுக்காரர் கூரை ஏற வேண்டாம். பழக்கமுள்ள ஆளைக் கூப்பிடுவதே சிக்கனம்.

செலவு யாருடையது?

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. "கூரை உங்களுடையது; குடியிருப்பது நாங்கள்" என்று இரு பக்கமும் சும்மா இருந்தால் நனைவது குடியிருப்பவர்தான்.

1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதுவேலையை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது அது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும். ஆகவே கையெழுத்திட்ட காகிதத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சட்டம் பேசுவதற்கு முன் நல்ல வார்த்தை பேசுவது மேல். ஒளிப்புள்ளிகளைச் செல்போனில் படம் எடுத்து, எத்தனை ஸ்குரு, எவ்வளவு கூலி என்று கணக்கெழுதி, மாசியிலேயே வீட்டுக்காரரிடம் கொடுங்கள். கன்னடத்தில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒரே வரிசையில் பத்து அறை இருந்தால் பத்துப் பேரும் சேர்ந்து போகலாம். ஒரு ஆளைக் கூப்பிட்டு ஒரே நாளில் பத்துக் கூரையும் பார்த்தால் கூலியும் குறையும். கட்டட வேலைக் கொட்டகையில் இருப்பவர்கள் மேஸ்திரியிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும். மழை வந்த பிறகு அவருக்கும் ஆள் கிடைக்காது.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு நிலம் இல்லை, தோப்பு இல்லை. பெட்டிக்குள் இருக்கும் நாலு காகிதமும், பிள்ளைகளின் புத்தகமும்தான் சொத்து. அந்தச் சொத்துக்கு மேலே இருப்பது அரை மில்லிமீட்டர்த் தகடு. வரும் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கதவைச் சாத்திவிட்டு, ஐந்து நிமிடம் அதை அண்ணாந்து பாருங்கள்.